முழு ரொட்டி

"மிதுர்ஷாவோட அம்மாவா? வாங்க" என்றார் டீச்சர்.
"இந்த வகுப்பிலேயே சத்தம் போடாத பிள்ளை.
பக்கத்துப் பையன் அழிறப்பரைப் பிடுங்கினாலும்
'பரவாயில்ல, நீயே வச்சுக்க' என்னும்.
கொடுத்து வச்சவங்க நீங்க."

தலையாட்டினேன்.
முழங்கைக்குக் கீழே
முந்தாநாள் கடித்த பல்வரிசை
சுவெட்டருக்குள் சூடாக இருந்தது.
யாரைச் சொல்கிறீர்கள் என்று
ஒருதரம் கேட்டுவிடலாமா என்றிருந்தது.

திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன்.
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.
டையின் நுனி வாயில்.

ஒன்றரைக்குப் பள்ளி விடும்.
நான் மலையிலிருந்து இறங்கும்வரை
பிள்ளைக்காம்பராவில்.
அங்கும் நல்ல பிள்ளைதான், ஆயம்மா சத்தியம் பண்ணுவாள்.
பாலத்தில் என் விரலைப் பிடித்துக்கொள்வாள்.
கோயில் திருப்பத்தில் கும்பிட்டுக்கொள்வாள்.
எங்கள் இஸ்தோப்பில் கால் வைத்ததும்
ஒரு சப்பாத்து பறக்கும்.

கொழும்பிலிருந்து அவர் போனில் சொல்கிறார்:
"எங்கிட்ட நல்லாத்தானே பேசுது?"
தொங்கல் வீட்டு அஞ்சலையக்கா சொல்கிறாள்:
"காத்துக் கருப்பா இருக்கும், நூல் கட்டு."

இன்றைக்கு ரொட்டி.
ஆறட்டுமே என்று
இரண்டாகப் பிய்த்துவிட்டேன், கை பழக்கம்.
"ஏன் உடைச்ச?"
வேறு ரொட்டி தருகிறேன் என்றேன்.
"வேற வேணாம். இத ஒட்டு.
ஒட்டித் தா!"
குதிகால்கள் சிமெந்துத் தரையை இடித்தன.
சம்பல் கோப்பை உருண்டு கதவடியில் நின்றது.
சுவர் கூரை வரைக்கும் போகாத வீடு.
பக்கத்துக் காம்பராவில் டீவீ சத்தத்தைக் கூட்டினார்கள்.

அகப்பையை ஓங்கிவிட்டேன்.

மடுவத்தில் இன்றைக்கு
முள் பத்தொன்பதில் நின்றது.
நானும் பார்த்தேன், கணக்கப்பிள்ளையும் பார்த்தார்.
"சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு போச்சு.
பதினெட்டு இல்ல. அரைப்பேரு."
"சரிங்க" என்றேன்.
பின்னால் நின்ற பதினோரு பேரும்
அவரவர் முறைக்கு "சரிங்க" என்றார்கள்.
அந்தச் சொல்லை விழுங்கவும் முடியாமல்
வீடுவரை தூக்கி வந்திருக்கிறேன் போல.
எந்தத் தலையில் இறக்கப் பார்த்தேன்?

அகப்பையை அடுப்படியில் வைத்தேன்.
அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், தொடாமல்.
அந்நேரம் தகரத்தில் மழை பிடித்தது,
கல்லைக் கொட்டின மாதிரி.
யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும்
நானும் ஒருதரம் கத்திப் பார்த்தேன்.
சொல் எதுவுமில்லை. வெறும் கத்தல்.

அவள் அழுகையைப் பாதியில் நிறுத்தி
எழுந்து உட்கார்ந்தாள்.
"என்னம்மா?"
"ஒண்ணுமில்ல. அரைப்பேரு போட்டுட்டாங்க."
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.
"மத்த அரை எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்புதான் என்று நினைத்தேன்.
அவள் தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்தாள்,
அழுத்தி, வகுப்புப் பலகையைத் துடைப்பதுபோல.
பிறகு தட்டில் இரண்டு துண்டையும் நெருக்கி வைத்து
சேர்ந்த இடத்தை முதலில் கடித்தாள்.

ராத்திரி உடுப்பு கசக்கும்போது
டையின் நுனி நைந்து
நூல்நூலாய்ப் பிரிந்திருந்தது.
அடுப்புக்கு மேல் கயிற்றில் போட்டேன்.
தூக்கத்திலும் ஒருமுறை தேம்பினாள்.

காலையில் இரட்டைச் சடை, வெள்ளைக் கவுன், வெள்ளை மேஸ்.
பனியில் பாலம் தெரியவில்லை.
"டீச்சருக்கு வணக்கம் சொல்லுவியா?"
"ம்."
"இன்னைக்கு யாராவது அழிறப்பர் எடுத்தா?"
பதில் இல்லை.
"இறுக்காதம்மா" என்று மட்டும் சொன்னாள்.

டை முடிச்சுக்குள்
ஒரு விரல் நுழைய
இடம் விட்டேன்.